அந்த யானைக் கதையில் நானும் இருந்தேன்

எங்கள் சொந்தத்தில் காதுகுத்து, கிரகப்பிரவேசம், காரியம் எது நடந்தாலும் சாப்பாட்டுக்குப் பிறகு ஆம்பளைகள் ஒரு பக்கம் சேர் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பேச்சு மாங்காய் விலையில் ஆரம்பிக்கும், பங்காளிச் சண்டை வழியாகப் போகும், கடைசியில் எப்படியும் வண்டியில் வந்து நிற்கும். யார் எந்த மழையில் ஊத்தங்கரையிலிருந்து நனைந்துகொண்டே வந்தார், யாருக்கு சூளகிரி தாண்டி நட்டநடு ராத்திரியில் பெட்ரோல் தீர்ந்தது, தொப்பூர் இறக்கத்தில் லாரிச் சக்கரத்துக்கு எவ்வளவு கிட்டப் போய் யார் தப்பித்தார். ஒருவர் முடிக்கும் முன்பே அடுத்தவர் "இது என்னா, எனக்கு ஆனதக் கேளு" என்று ஆரம்பிப்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். தாம்பூலப் பை எடுத்து வைக்கிற சாக்கில் நானும் அந்தப் பக்கமே நின்று கேட்பேன்.

இந்தக் கதைகளில் பாதிக்கு மேல் வண்டியில் இன்னொரு ஆளும் இருந்திருப்பார். பின் சீட்டில் அம்மாவோ தங்கச்சியோ பெண்டாட்டியோ. கதையில் அவருக்குக் கிடைப்பது ஒரே வரி. "இவளும் பின்னாடி இருந்தா." அவ்வளவுதான், கதை மறுபடி ஹேண்டில்பாருக்குப் போய்விடும்.

ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்த விஷயம்தான். எழுத உட்கார வைத்தவன் என் மகன். போன மாதம் அவனுடைய காலேஜ் சிநேகிதர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். டீ எடுத்துக்கொண்டு போனால், யானைக் கதை ஓடிக்கொண்டிருக்கிறது. அஞ்செட்டி ரோட்டில், இருட்டுகிற நேரத்தில், எதிரில் யானை நிற்க, அவன் அப்பா வண்டியை ஒரே திருப்பாகத் திருப்பிக் குடும்பத்தைக் காப்பாற்றிய கதை. யானை காதை விரித்ததைக்கூட இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். அன்றைக்கு அவனுக்கு இரண்டு வயசுகூட முடியவில்லை. என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். மடியில் தூங்கினவனுக்கு ஒரு யானைக் கதை இருக்கிறது. மடிக்காரி அவன் வாயிலும் "அம்மாவும் இருந்தாங்க"தான்.

சரி, என்னைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? முதலில் இதைச் சொல்லியிருப்பேன்: அந்த யானையை நான் பார்க்கவே இல்லை.

ரோட்டோரம் மட்டும்

சேலை கட்டிக்கொண்டு பைக்கில் போகிறவள் ஒரு பக்கமாகத்தான் உட்கார வேண்டும். இரண்டு காலும் இடது பக்கம், முகமும் இடது பக்கம். வலது கை ஓட்டுகிறவர் தோளில், இடது கை கம்பியிலோ மடியில் இருக்கும் பிள்ளை மேலோ. வண்டி போவதும் ரோட்டின் இடது ஓரத்தில். அதனால் எனக்குத் தெரிவதெல்லாம் ரோட்டோரம்தான். மைல்கல், சீமைக் கருவேலம், மாந்தோப்பு வேலி, பஸ்ஸுக்கு நிற்கிற ஜனம், சாக்கடை. போகும்போது ஒரு ஓரம், வரும்போது மறு ஓரம். நடுவில் ரோடு என்று ஒன்று ஓடுவதை நானே ஸ்கூட்டி ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் முழுசாகப் பார்த்தேன். எதிரே வரும் பஸ் என் முதுகுப் பக்கமாகக் கடந்து போகும். அது அடிக்கிற காற்றில்தான் பஸ் வந்ததே தெரியும். லாரி முந்தினாலும் அப்படித்தான், ஹாரன் சத்தம் முதுகில் வந்து விழும். வருகிற ஆபத்தை முதுகால் மட்டுமே தெரிந்துகொள்கிறவளுக்கு பயம் வேறு கணக்கில் ஓடும். ஓட்டுகிறவருக்கு அந்த நேரத்தில் செய்ய வேலை இருக்கிறது. எனக்குத் தோளைப் பிடித்துக்கொள்வதைத் தவிர வேறு வேலை கிடையாது. அதையும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் "தோள விடு, வண்டி ஆடுது" என்பார்.

குழியும் இரண்டு பேருக்கும் ஒன்றில்லை. ஓட்டுகிறவர் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். பின் சீட்டு கிட்டத்தட்டப் பின் சக்கரத்துக்கு நேர் மேலே. அவர் குழியைப் பார்த்துவிடுகிறார், இடுப்பைக் கொஞ்சம் தூக்கிக்கொள்கிறார். நமக்கு அது தண்டுவடத்தில் வந்து இடித்த பிறகுதான் செய்தி. ஏழாம் நம்பர் ஹைவேயை நாலு வழியாக்கிக்கொண்டிருந்த காலத்தில் (இப்போது அதற்கு 44 என்று பேர்) நான் மாசமாக இருந்தேன். ஸ்கேனுக்கு தருமபுரி போக வேண்டும். வழியெல்லாம் டைவர்ஷன், கொட்டி வைத்த ஜல்லி, புழுதி. என் வீட்டுக்காரர் நிஜமாகவே மெதுவாகத்தான் ஓட்டினார். ஒவ்வொரு குழிக்கும் முன்னால் "குழி" என்று சொல்லச் சொன்னேன். சொன்னார். ஆனால் வண்டி குழியில் இறங்குகிற அதே நேரத்தில் சொன்னார்.

சட்டம் பின் சீட்டை மறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி முழுக்கப் பின்னால் உட்காருகிறவருக்காகத்தான். பிடித்துக்கொள்ளக் கம்பி, கால் வைக்க இடம், சேலை சுற்றிக்கொள்ளாதபடி பின் சக்கரத்தில் பாதியாவது மூடுகிற தடுப்பு, மூன்றும் வண்டியில் இருந்தாக வேண்டும். பையன்கள் புது வண்டி வாங்கியதும் முதல் வேலையாக சாரி கார்டைக் கழற்றி வீசுகிறார்கள், 'லுக்' போய்விடுகிறதாம். இப்போது வருகிற வண்டிகளில் பின் சீட்டு பரண் மாதிரி உயரத்தில் இருக்கிறது. ஹெல்மெட் கதையும் இதேதான். 2015 ஜூலை 1-ஆம் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் பின்னால் இருப்பவரும் போட்டே ஆகவேண்டும் என்று கறாராக்கினார்கள். எங்கள் வீட்டில் ரொம்ப நாள் ஒரே ஹெல்மெட். அவர் தலையில் இருக்கும், டீக்கடையில் நிறுத்தினால் என் மடிக்கு வரும்.

இறங்கு

நினைத்துப் பார்த்தால் பின் சீட்டுக்காரருக்கு வருகிற உத்தரவு பெரும்பாலும் ஒன்றுதான். இறங்கு.

அதை நான் முதலில் கேட்டது அப்பாவின் டிவிஎஸ் 50-இல். 1980-இல் ஓசூரில் செய்து வெளியே வந்த அந்த வண்டிக்கு, இந்தியாவிலேயே இரண்டு பேர் போகக்கூடிய முதல் மொபெட் என்று பேர். எங்கள் வீட்டு வண்டியில் அப்பா, நான், முன்னால் ஒரு தக்காளிக் கூடை, பின்னால் ஒரு கூடை. மாரண்டஅள்ளிப் பக்கத்திலிருந்து பாலக்கோடு மண்டிக்கு விடியற்காலையில் போவோம். பள்ளிக்கூடம் லீவு என்றால் நானும் போவேன், மண்டி முடிந்ததும் பாலக்கோட்டில் இட்லி கிடைக்கும் என்கிற ஒரே காரணத்துக்காக. மார்கழிப் பனியில் கூடையின் ஈரம் பாவாடை வழியாக ஏறும். அடிக்கூடையில் நசுங்கிய தக்காளியின் சாறு தொடையில் பிசுபிசுக்கும். மேடு வந்தால் வண்டி முனகும். அப்பா திரும்பாமலே "எறங்கு கண்ணு" என்பார். இறங்கி, இருட்டில், வண்டிக்குப் பின்னால் ஓட வேண்டும். தக்காளி இறங்காது. தக்காளிக்கு விலை இருக்கிறது. இதை நான் வருத்தமாகச் சொல்லவில்லை. அந்த வண்டி அந்தப் பாரத்தை இழுக்காது, இறக்கி ஓடவைக்க முடிந்த பாரம் நான் ஒருத்திதான். ஆனாலும் ஓடும்போது சிவப்பு லைட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போகுமே, அப்போது அடிவயிற்றில் ஒன்று செய்யும். அப்பா மேட்டின் தலையில் நின்று காத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்யும்.

தொப்பூர் வேறு. அது அண்ணனின் ஆர்எக்ஸ் 100, எத்தனையாவது கை மாறி வந்தது என்று அவனுக்கே தெரியாது. ஓமலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பாளையம்புதூர் தாண்டி இறக்கம் ஆரம்பித்ததும் எஞ்சினை ஆஃப் பண்ணிவிட்டான், பெட்ரோல் மிச்சமாம். லாரிக்காரர்களும் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குவார்கள். அந்தக் கணவாய் விபத்துகளில் பாதிக்கு அதுதான் ஆரம்பம் என்று எங்கள் பக்கத்து டிரைவர்களே சொல்வார்கள். கியரில் இறங்கினால் எஞ்சின் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். ஆஃப் பண்ணி நியூட்ரலில் விட்டால் மொத்த பாரமும் பிரேக் மேல்தான். அந்தக் காலத்து டிரம் பிரேக் விடாமல் அழுத்தினால் சூடேறும், சூடேறினால் பிடிக்காது. எனக்கு முதலில் தெரிந்தது தீய்ந்த வாசனை. அப்புறம் அண்ணனின் முதுகு விறைத்தது. தோளில் கை வைத்திருப்பவளுக்கு ஓட்டுகிறவன் பயந்துவிட்டான் என்பது அவனுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். "குதிச்சிடு" என்றான். கட்டமேட்டுக்குப் பக்கத்தில் மண் ஓரத்தில் வண்டியை ஏற்றினான், நான் குதித்தேன், முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. அவன் செருப்பைத் தேய்த்து நிறுத்திவிட்டான். இன்றைக்கும் சபையில் "கால ஊனியே நிறுத்தினேன் தெரியுமா" என்பான். 2020 டிசம்பரில் சிமெண்ட் லாரி ஒன்று அதே இறக்கத்தில், நெரிசலில் நின்றிருந்த வண்டிகள் மேல் ஏறியதை டிவியில் காட்டினார்கள். அண்ணன் எனக்கு போன் பண்ணினான். என்ன பேசுவது என்று தெரியாமல் வைத்துவிட்டான்.

அஞ்செட்டி ரோடு

அப்போது அவருக்கு ஓசூரில் வேலை, தேன்கனிக்கோட்டையில் வாடகைக்கு இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் போனோம். பரிசல், எண்ணெய்க் குளியல், வறுத்த மீன் எல்லாம் ஆயிற்று. திரும்பும்போது இரண்டு வழி. பெண்ணாகரம், பாலக்கோடு, ராயக்கோட்டை என்று சுற்றி வரலாம். இல்லையென்றால் நாட்றாம்பாளையம், அஞ்செட்டி வழியாகக் காட்டுக்குள் போகலாம். சுற்றிப் போகலாம் என்றேன். "வூட்டுக்குப் போவ ராத்திரி ஆயிடும்" என்றார். இப்படிப் போனாலும் ராத்திரிதானே என்றேன். வண்டி ஏற்கெனவே திரும்பிவிட்டது. ஓடுகிற வண்டியில் பின்னாலிருந்து சொல்கிற எதையும் காற்று கொண்டுபோய்விடும். "இன்னா?" என்பார். மறுபடி சொன்னால் மறுபடி "இன்னா?" மூன்றாவது தடவை நாமே "ஒண்ணுமில்ல" என்றுவிடுவோம்.

நாட்றாம்பாளையத்தில் டீ குடித்தோம். கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் பிள்ளையைப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்குமா இந்நேரத்துல கொழந்தய வச்சினு போறீங்க, ராகிக் கதிரு முத்திச்சி, அதுங்க எறங்குற நேரம்" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். சாவி என்னிடம் இல்லை. ராகி முற்றுகிற காலத்தில் பன்னார்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டம் இறங்குவது அந்தப் பக்கத்துக்கு வருஷா வருஷம் நடப்பது. அந்தக் காடுகளிலேயே இருக்கிற யானைகளும் உண்டு. 2014-இல் அதையெல்லாம் சேர்த்துக் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் என்று அறிவித்தார்கள். நாங்கள் போனபோது அது வெறும் காடு. "யானை நடமாடும் பகுதி" என்ற பலகை மட்டும் ரோட்டின் இடது ஓரத்தில் இருந்தது. அதனால் அதைப் படித்தவள் நான். சொன்னேன். "இன்னா?"

மேட்டில் ஒரு வளைவு. வண்டி நின்றது. எஞ்சினும் நின்றது. எனக்கு எதிரில் புதர், பலகைக்கல், கொஞ்சம் வானம். வலது பக்கம், அவர் முதுகுக்கு அப்பால் எங்கோ மூங்கில் முறிகிற சத்தம். பெரிய சத்தம் இல்லை. யாரோ அவசரமே இல்லாமல் விறகு ஒடிப்பது போலத்தான் கேட்டது. அவர் தலையைத் திருப்பாமல், உதட்டை அசைக்காமல், "சத்தமில்லாம எறங்கு. வண்டியத் திருப்பணும்" என்றார்.

இறங்கினேன். பிள்ளை தோளில். ஒரு கால் செருப்பு சாரி கார்டில் மாட்டிக்கொண்டு வண்டியோடே நின்றுவிட்டது. தார் இன்னும் சூடாக இருந்தது உள்ளங்காலுக்குத் தெரிந்தது. இப்போது திரும்பிப் பார்த்திருக்கலாம், பார்க்க எந்தத் தடையும் இல்லை. எல்லாரும் என்னிடம் கேட்க நினைப்பதும் அதுதான், ஏன் பார்க்கவில்லை? நான் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சீட்டில் உட்கார்ந்தபடியே காலால் உந்தி, முன்னே ஒரு தரம், பின்னே ஒரு தரம், மறுபடி முன்னே என்று அந்தக் குறுகின ரோட்டில் திருப்பிக்கொண்டிருந்தார். ஒரே திருப்பெல்லாம் இல்லை. நான்கைந்து திருப்பு இருக்கும். முன் சக்கரம் மண்ணில் இறங்கி ஏறியது. வண்டி முழுக்கத் திரும்பி இறக்கத்தைப் பார்த்ததும், எஞ்சினைப் போடாமல் உருள விட்டார். என்னைத் தாண்டி உருண்டது.

கொஞ்ச தூரம்தான். ஒரு பஸ் நீளம் இருக்கும். ஆனால் அது என்னைத் தாண்டிப் போனது. அவர் முதுகு தள்ளிப் போவதைப் பார்த்தேன், பின் சீட்டு காலியாகப் போவதையும் பார்த்தேன், சாரி கார்டில் என் செருப்பு ஆடிக்கொண்டே போவதையும் பார்த்தேன். யானைக்கும் அவருக்கும் நடுவில் ரோட்டில் நானும் பிள்ளையும். அந்த நேரம் எனக்குத் தோன்றியதை இதுவரை அவரிடம் சொன்னதில்லை. நின்று ஏற்றிக்கொள்வாரா என்று தோன்றியது. ஏற்றிக்கொள்வார் என்று தெரியும். தெரிந்தும் தோன்றியது. ஓடினேன்.

நியாயமாகப் பார்த்தால் அவர் செய்தது அத்தனையும் சரி. வளைவில், மேட்டில், இரண்டு பேர் பாரத்தோடு வண்டியைத் திருப்ப முடியாது. எஞ்சினைப் போட்டிருந்தால் யானை மிரண்டிருக்கலாம். திருப்பிய இடத்திலேயே நிறுத்தினால் அந்தச் சரிவில் நான் பிள்ளையோடு ஏறி உட்காரும்போது வண்டி சாய்ந்திருக்கும். உருட்டிக்கொண்டு போய்ச் சமமான இடத்தில்தான் நிறுத்த முடியும். இதையெல்லாம் அன்றைக்கு ராத்திரியே யோசித்து ஒப்புக்கொண்டேன். நாட்றாம்பாளையத்துக்கே திரும்பி, அதே டீக்கடையில் உட்கார்ந்திருந்து, அஞ்செட்டி போகிற பஸ் வந்ததும் அதன் பின்னாலேயே வந்து சேர்ந்தோம். பஸ்ஸில் இடம் இருந்தது. "நீ வேணா பஸ்ல ஏறிக்கோ" என்று அவர்தான் சொன்னார். ஏறவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அவர் கதையில் அந்த ஒரு பஸ் நீளம் கிடையாது. அவர் அதை மறைக்கவில்லை, அவருக்கு அது தெரியவே தெரியாது. அவர் இறக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மோசமானது யானை. எனக்கு அந்தக் காலிச் சீட்டு. இரண்டும் ஒரே பயணம் என்று எப்படிச் சொல்வது? மகன் சிநேகிதர்களுக்குச் சொன்னது முழுக்க முன் சீட்டுக் கதை. அவன் என் மடியில் இருந்ததோ பின் சீட்டில்.

மகனின் சிநேகிதர்கள் போன பிறகு ராத்திரி மாமியாரோடு மொச்சை உரித்துக்கொண்டிருந்தபோது இதைச் சொன்னேன். அத்தைக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. முழங்கால் மடங்காததால் இப்போது எந்த வண்டியிலும் ஏறுவதில்லை. "உங்களுக்கு எது அத்தை ரொம்ப மோசமா போச்சு?" என்று கேட்டேன். இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை என்பது, அவர் மொச்சையைக் கீழே வைத்ததிலேயே தெரிந்தது.

மாமனாரிடம் ராஜ்தூத் இருந்த காலம். வாணியம்பாடியில் ஒரு துக்கத்துக்குப் போய்விட்டுக் கிருஷ்ணகிரிக்குத் திரும்புகிறார்கள். பர்கூரில் பெட்ரோல் போட நிறுத்தினார். அத்தை இறங்கி நின்றார். பெட்ரோல் போட்டதும், பாகப்பிரிவினை விஷயமாகத் தன் தம்பியைத் திட்டிக்கொண்டே மாமனார் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அத்தை ஏறவில்லை. ஏறிவிட்டதாகவே நினைத்துக்கொண்டு, பதிலுக்குக் காத்திராமல், வழியெல்லாம் பேசிக்கொண்டே போயிருக்கிறார் மனுஷன். கந்திகுப்பத்துப் பக்கம் ஏதோ கேட்டுப் பதில் வராமல்தான் திரும்பிப் பார்த்தாராம்.

"நீங்க இன்னா பண்ணீங்க?"

"இன்னா பண்றது, நின்னேன், நின்னேன். திருப்பத்தூர் பஸ்ஸு வந்துச்சி, கைய காட்டினேன், நிறுத்தினான். ஜன்னலோரம் கெடச்சுது. கொஞ்ச தூரம் வந்தா, எதிர்ல இவரு வேர்த்துக் கொட்டினு, வண்டிய முறுக்கினு, பர்கூர் பக்கமா பறக்கறாரு."

"கூப்பிடலையா அத்தை?"

"கூப்ட்டா?" என்று என்னைப் பார்த்தார். "எறக்கி, மறுபடியும் பின்னாடி ஏத்தினு வருவாரு."